போன அணி திரும்பி வந்த ஊர்

கனடாவின் ஜூனியர் ஐஸ் ஹாக்கியில் அணிகள் ஊர் மாறுவது புதிதில்லை. முதலாளி விற்பார், வாங்கியவர் தனக்கு வசதியான ஊருக்குக் கொண்டுபோவார். பெயர் மாறும், சட்டையின் நிறம் மாறும், பழைய ஊரில் காலி அரங்கம் மட்டும் நிற்கும். போன அணி அதே பெயரோடு பழைய ஊருக்கே திரும்பி வருவதுதான் அபூர்வம். அப்படித் திரும்பிய ஓர் அணியைப் பற்றி எழுத வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஸ்விஃப்ட் கரண்ட் பிராங்கோஸ்.

ரெஜைனாவில் நான் வேலை பார்த்த வருடங்களில், ஸ்விஃப்ட் கரண்டில் பிறந்து வளர்ந்த ஒருவர் என்னோடு வேலை செய்தார். ஓய்வுபெறும் வயது. அதிகம் பேசமாட்டார். ஆனால் திங்கட்கிழமை காலையில், வார இறுதியில் தன் ஊர் அணி என்ன செய்தது என்பதை மட்டும் சொல்லாமல் இருக்கமாட்டார். அவர் வாயிலிருந்து ஒருநாளும் ‘பிராங்கோஸ்’ என்று வந்ததில்லை, ‘நாங்கள்’ என்றுதான் வரும். நாங்கள் ஜெயித்தோம், நாங்கள் கோட்டைவிட்டோம். அது வெறும் ரசிகரின் பேச்சு என்று நினைத்திருந்தேன். கதையைப் படித்த பிறகுதான் அதில் கணக்கு வழக்கும் சேர்ந்திருப்பது புரிந்தது. அந்த அணி உண்மையிலேயே ஊருக்குச் சொந்தம்.

ஜூனியர் ஹாக்கி என்றால் என்ன என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். 16 முதல் 20 வயது வரையிலான பையன்கள் ஆடுவது. இதன் உச்சத்தில் மூன்று லீக்குகள் இருக்கின்றன: மேற்கில் வெஸ்டர்ன் ஹாக்கி லீக், ஒன்டாரியோவுக்கு ஒன்று, கியூபெக்குக்கும் கடலோர மாகாணங்களுக்கும் ஒன்று. மூன்றிலும் சேர்த்துச் சுமார் 60 அணிகள். மூன்று லீக்குகளின் சாம்பியன்களும், போட்டியை நடத்தும் ஊரின் அணியும் மே மாதத்தில் மோதிக்கொள்வது மெமோரியல் கோப்பைக்காக. முதல் உலகப் போரில் இறந்த கனடிய வீரர்களின் நினைவாக 1919இல் தொடங்கியது அது. வட அமெரிக்காவின் உச்சத் தொழில்முறை லீக்கான என்ஹெச்எல்லுக்குப் போகிறவர்களில் பெரும் பங்கு இந்த வழியாகத்தான் போகிறது.

பையன்கள் பதினாறு வயதில் வீட்டைவிட்டு வந்து, முன்பின் தெரியாத ஊரில், ஒரு குடும்பத்தின் வீட்டில் தங்குகிறார்கள். பில்லட் குடும்பம் என்பார்கள். சாப்பாடு, துணி துவைப்பது, பள்ளிக்கூடம், காய்ச்சல் வந்தால் கஞ்சி, எல்லாம் அந்த வீட்டின் பொறுப்பு. ஆக ஜூனியர் அணி வைத்திருக்கும் சின்ன ஊர், இருபது இருபத்தைந்து பிள்ளைகளை வருடாவருடம் வளர்க்கிறது. இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

ஸ்விஃப்ட் கரண்ட், சஸ்காச்சுவான் மாகாணத்தின் தென்மேற்கில் இருக்கிறது. டிரான்ஸ் கனடா நெடுஞ்சாலையில் ரெஜைனாவிலிருந்து மேற்கே சுமார் 240 கிலோமீட்டர். கோதுமை, மாடு, கொஞ்சம் எண்ணெய்க் கிணறு. இன்றைக்கும் மக்கள்தொகை 16,000, 17,000 என்ற அளவில்தான். வெஸ்டர்ன் லீக்கில் இதைவிடச் சின்ன ஊர் கிடையாது.

மேற்குக் கனடாவின் ஜூனியர் லீக் 1966இல் பிறந்தது. அடுத்த வருடமே, 1967இல், பிராங்கோஸ் அதில் சேர்ந்தது. எடுத்த எடுப்பில் கோப்பைகள் ஒன்றும் குவியவில்லை, ஆட்கள் கிடைத்தார்கள். ஸ்விஃப்ட் கரண்டுக்குத் தெற்கே வால் மேரி என்ற குக்கிராமத்துப் பண்ணையிலிருந்து பிரையன் டிராட்டியே என்ற பையன் வந்தான். பிற்காலத்தில் என்ஹெச்எல்லில் வீரராக ஆறு முறை ஸ்டான்லி கோப்பையைத் தூக்கியவர் அவர். என்ஹெச்எல் வரலாற்றிலேயே அதிக பெனால்டி நிமிடங்கள் உட்கார்ந்தவர் என்று பெயரெடுத்த டைகர் வில்லியம்ஸும் இங்கே ஆடியவர்தான். இருவரும் ஒரே சமயத்தில் ஒரே சட்டையைப் போட்டிருந்தார்கள் என்பதை நினைத்துப் பார்க்கவே நன்றாயிருக்கிறது.

ஆனால் டிக்கெட் வசூலை நம்பி ஓடுகிற அணிக்கு இத்தனை சின்ன ஊர் எப்படிக் கட்டுபடியாகும்? அணி அப்போது தனியார் கையில். ஆல்பர்ட்டாவின் லெத்பிரிட்ஜ் நகரமோ 1975 கனடா குளிர்கால விளையாட்டுகளுக்காகப் புத்தம்புது அரங்கம் கட்டி வைத்திருந்தது. ஊரும் பெரிது. 1974இல் அணி அங்கே போய்விட்டது. டிராட்டியே தன் கடைசி ஜூனியர் வருடத்தை லெத்பிரிட்ஜ் பிராங்கோஸாக ஆடி, லீக்கின் சிறந்த வீரர் விருதையும் அங்கிருந்தபடியே வாங்கினார். ஸ்விஃப்ட் கரண்ட்காரர்களுக்கு அது எப்படி உறைத்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

லெத்பிரிட்ஜில் பன்னிரண்டு வருடம். அங்கேயும் அணி நன்றாகத்தான் இருந்தது. வைக்கிங் என்ற ஊரின் சட்டர் குடும்பத்து அண்ணன் தம்பிகள் பிரையன், டாரில், டுவேன், பிரெண்ட், ரிச், ரான் ஆறு பேரும் அந்தச் சட்டையைப் போட்டார்கள், ஆறு பேரும் என்ஹெச்எல்லுக்குப் போனார்கள். 1983இல் லீக் கோப்பையும் கிடைத்தது.

பிறகு 1986. லெத்பிரிட்ஜில் அணி விற்பனைக்கு வந்தபோது ஸ்விஃப்ட் கரண்டில் சிலர் கூடினார்கள். ஜான் ரிட்டிங்கர் என்பவர் முன்னால் நின்றார். ஊரே சேர்ந்து வாங்குவது என்று முடிவானது. தனி முதலாளி இல்லை, லாபம் எடுத்துக்கொள்ள ஆள் இல்லை, ஊர்க்காரர்களால் ஆன நிர்வாகக் குழு. மிச்சம் வந்தால் அணிக்கே. நம் ஊர்ப் பக்கம் கோயில் திருவிழாவை ஊர் வரி போட்டு நடத்துவது போலத்தான். அணி வந்தது, பெயரும் வந்தது, மறுபடியும் ஸ்விஃப்ட் கரண்ட் பிராங்கோஸ் ஆனது. லெத்பிரிட்ஜ் நீண்ட நாள் சும்மா இருக்கவில்லை. அடுத்த வருடமே கால்கரி ராங்லர்ஸ் அணி அங்கே இடம்பெயர்ந்து ஹரிக்கேன்ஸ் ஆனது. அந்த ராங்லர்ஸும் 1977இல் வினிபெக்கிலிருந்து கால்கரிக்கு வந்த அணி. இந்த லீக்கின் வரலாற்றை நூல்பிடித்துப் படிக்க ஆரம்பித்தால் ஒவ்வொரு அணிக்குப் பின்னாலும் அணியை இழந்த ஓர் ஊர் இருக்கும்.

திரும்பி வந்த முதல் பருவத்தின் நடுவில்தான் அது நடந்தது. 1986 டிசம்பர் 30. ரெஜைனா பேட்ஸ் அணியோடு ஆடுவதற்காகப் பேருந்து மாலையில் ஸ்விஃப்ட் கரண்டிலிருந்து கிழக்கே கிளம்பியது. ஊரைவிட்டு வெளியே வந்த கொஞ்ச நேரத்திலேயே, ரயில் மேம்பாலத்துக்குப் பக்கத்தில், சாலையில் படிந்திருந்த கண்ணுக்குத் தெரியாத பனிக்கட்டியில் சறுக்கியது. சாலையைவிட்டு இறங்கி, மண்மேட்டில் மோதித் தூக்கியெறியப்பட்டு, பக்கவாட்டில் விழுந்தது. பின்வரிசையில் சீட்டாடிக்கொண்டிருந்த நான்கு பேர் இறந்தார்கள்.

டிரெண்ட் கிரெஸ்ஸி, வயது 20. ஸ்காட் குரூகர், 19. கிறிஸ் மாண்டிகா, 19. பிரெண்ட் ரஃப், 16.

ஸ்காட் குரூகர் ஸ்விஃப்ட் கரண்ட் பையன். ஊர் தன் பணத்தைப் போட்டு மீட்டுக்கொண்டு வந்த அணியில், அந்த ஊரின் பிள்ளையே போனான். பிரெண்ட் ரஃபின் அண்ணன் லிண்டி ரஃப் அப்போது பஃபலோவில் என்ஹெச்எல் வீரர்.

பருவத்தை அத்தோடு நிறுத்தியிருந்தால் யாரும் குறை சொல்லியிருக்கமாட்டார்கள். நிறுத்தவில்லை. ஜனவரியில் மறுபடி ஆடினார்கள். சட்டையில் நான்கு இலை க்ளோவர் ஒன்றைத் தைத்துக்கொண்டார்கள், இலைக்கு ஓர் எண்ணாக 8, 9, 11, 22. லீக், தன் சிறந்த வீரருக்கான விருதுக்கு ‘நான்கு பிராங்கோஸ் நினைவுக் கோப்பை’ என்று பெயர் வைத்தது. இன்றைக்கும் அதே பெயர்தான். 1988இல் அதை வாங்கியவர் அந்தப் பேருந்தில் இருந்த இன்னொரு பையன், ஜோ சாகிக். குரோஷியாவிலிருந்து கனடாவுக்குக் குடிவந்த பெற்றோருக்கு பர்னபியில் பிறந்தவர், விபத்தன்று வயது 17. அந்த வருடம் 78 கோல்கள், 82 அசிஸ்டுகள், மொத்தம் 160 புள்ளிகள். பிறகு கொலராடோ அவலாஞ்சின் கேப்டனாக இரண்டு ஸ்டான்லி கோப்பைகள். ஆனால் ஸ்விஃப்ட் கரண்டின் பெரிய வெற்றி வந்தபோது அவர் அங்கே இல்லை, கியூபெக் அணிக்காக என்ஹெச்எல்லில் ஆடிக்கொண்டிருந்தார்.

1988-89 பருவம். 72 ஆட்டங்களில் 55 வெற்றி. பிளேஆஃபில் 12 ஆட்டம், 12 வெற்றி. ஓர் ஆட்டம்கூடத் தோற்காமல் அந்த லீக்கின் பிளேஆஃபை முடித்த முதல் அணி. மெமோரியல் கோப்பை அந்த வருடம் சாஸ்கட்டூனில் நடந்தது. இறுதி ஆட்டத்தில் எதிரே போட்டியை நடத்தும் ஊரின் அணியான சாஸ்கட்டூன் பிளேட்ஸ், அரங்கம் முழுக்க அவர்கள் கூட்டம். 3-3. ஓவர்டைம். பின்களத்திலிருந்து டேரன் குரூகர் அடித்த பக்கை டிம் டிஸ்டேல் மட்டையால் தட்டித் திருப்பினார். கோல்.

டேரன் குரூகர், இறந்த ஸ்காட்டின் சகோதரர். அந்த அணியின் கோல்கீப்பர் டிரெவர் குரூகரும் அதே வீட்டுப் பையன். பேருந்தில் இருந்து பிழைத்த சிலரும் பனியில் நின்றார்கள், பாப் வில்கி, பீட்டர் சோபர்லாக், ஷெல்டன் கென்னடி. கோப்பையைத் திருப்பிக் கொடுக்கும் கட்டாயம் இல்லாதிருந்தால் அன்றைக்கு அந்த ஊர் அதைக் கொடுத்திருக்காது என்றுதான் நினைக்கிறேன்.

பல பேர் இந்தக் கதையை இங்கேயே முடித்துவிடுகிறார்கள். அணி திரும்பியது, விபத்து, இரண்டரை வருடத்தில் தேசியக் கோப்பை. நானும் முதன்முதலில் கேட்டது இந்தப் பாதியைத்தான், என்னோடு வேலை செய்தவரும் இத்தோடு நிறுத்திக்கொள்வார். எனக்கு மற்ற பாதியைச் சொல்லாமல் எழுத மனம் வரவில்லை.

அந்த அணியின் பயிற்சியாளர் கிரஹாம் ஜேம்ஸ். 1989இல் அவரைத்தான் ‘தி ஹாக்கி நியூஸ்’ இதழ் அந்த வருடத்தின் மனிதர் என்று தேர்ந்தெடுத்தது. விபத்துக்குப் பிறகு சிதறிப்போகாமல் பையன்களைக் கட்டிக் காத்தவர் என்று பாராட்டு. 1997 ஜனவரியில், தன்னிடம் ஆடிய இரண்டு வீரர்களைச் சிறுவயதில் பல வருடங்கள் பாலியல் கொடுமைக்கு உள்ளாக்கியதை அவர் நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டார். மூன்றரை வருடச் சிறை. அந்த இருவரில் ஒருவர் ஷெல்டன் கென்னடி. தன் பெயரை மறைக்காமல் தானே முன்வந்து பேசினார். ஒரு என்ஹெச்எல் வீரர் அன்றைக்கு அப்படிப் பேசியதற்கு எவ்வளவு துணிச்சல் வேண்டியிருந்திருக்கும்! பிறகு இன்னொரு என்ஹெச்எல் வீரரான தியோ ஃபிளூரி உட்பட மற்றவர்களும் பேசினார்கள், மேலும் தண்டனைகள் வந்தன.

விபத்து நடந்த பிறகு அந்தப் பிள்ளைகளுக்கு மனநல ஆலோசனை எதுவும் கிடைக்கவில்லை. உதவ முன்வந்தவர்களை ஜேம்ஸ் உள்ளே விடவில்லை என்று அந்த அணியில் இருந்த வீரர்கள் பின்னாளில் சொன்னார்கள். வெளியாள் ஒருவர் உட்கார்ந்து பையன்களிடம் பேச ஆரம்பித்தால் எது வெளியே வரும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. நான்கு நண்பர்களைப் பறிகொடுத்த பதினேழு வயதுப் பையனுக்குப் பேச ஓர் ஆள் இல்லை. பேச வேண்டியது இரண்டாக இருந்தவனுக்கு இரண்டுக்கும் ஆள் இல்லை.

அணியை வாங்க ஊர் திரண்டது. அரங்கை ஊர் நிரப்பியது. ஊரின் வீடுகளில்தான் பிள்ளைகள் தங்கினார்கள், ஊரின் குழுதான் பயிற்சியாளருக்குச் சம்பளம் கொடுத்தது. எல்லோரும் கூடவே இருந்தும் இது யார் கண்ணிலும் படவில்லை, பட்டிருந்தாலும் பேசப்படவில்லை. வெற்றி தேடித் தருகிறவரை யாரும் கேள்வி கேட்பதில்லை. அதிலும் துக்கத்திலிருந்து ஊரைத் தூக்கி நிறுத்தியவர் என்று பேரெடுத்த ஆளை எப்படிக் கேட்பார்கள்? ஊர்ச் சொத்தான அணி என்பதை நான் உயர்வாகப் பேசுகிறேன், இனியும் பேசுவேன். ஆனால் அணி நம்முடையது என்றால் அணியின் பிள்ளைகளும் நம்முடையவர்கள். முதல் பாதியை அந்த ஊர் அழகாகச் செய்தது. இரண்டாவது பாதியில் தவறியது.

கென்னடி நின்றுவிடவில்லை. 1998இல் உருளைச் சறுக்கில் கனடாவைக் குறுக்காகக் கடந்து, கொடுமைக்கு ஆளான குழந்தைகளுக்காக நிதி திரட்டினார். 2004இல் வேன் மெக்நீல் என்பவரோடு சேர்ந்து, பயிற்சியாளர்களுக்கும் பெற்றோருக்கும் பாடம் நடத்தும் நிறுவனம் ஒன்றைத் தொடங்கினார். கொடுமை எப்படித் தொடங்கும், எந்த அடையாளத்தைப் பார்க்க வேண்டும், பார்த்தால் யாரிடம் சொல்ல வேண்டும் என்பதுதான் பாடம். இன்று கனடாவில் பெரும்பாலான ஹாக்கிப் பயிற்சியாளர்கள் அதை முடிக்காமல் பிள்ளைகள் பக்கம் வர முடியாது. பிராங்கோஸ் கொடுத்த பெரிய கொடை 1989 கோப்பை என்பார்கள், நான் கென்னடி என்பேன்.

2018க்கு வருகிறேன். ஏப்ரல் 6ஆம் தேதி சஸ்காச்சுவானில் ஹம்போல்ட் பிராங்கோஸ் என்ற இன்னொரு ஜூனியர் அணியின் பேருந்து லாரியோடு மோதி 16 பேர் இறந்தார்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் வேறு அணி, வேறு லீக். 1986இல் பிழைத்த கென்னடி, வில்கி உள்ளிட்டவர்கள் ஹம்போல்டுக்குக் கிளம்பிப் போனார்கள். தங்களுக்குக் கிடைக்காத அந்தப் பேச்சுத் துணையை இந்தப் பிள்ளைகளுக்காவது கொடுக்க வேண்டும் என்று.

அதே வருடம் ஸ்விஃப்ட் கரண்ட், 1993க்குப் பிறகு முதல் தடவையாக லீக் சாம்பியன் ஆனது. மெமோரியல் கோப்பை அந்த வருடம் ரெஜைனாவில். பிராங்கோஸ் அங்கே ஓர் ஆட்டம்கூட ஜெயிக்கவில்லை. கோப்பை நியூ பிரன்ஸ்விக்கின் பாதர்ஸ்ட் டைட்டன் அணிக்குப் போனது. இந்த டைட்டன் 1989 சாஸ்கட்டூன் போட்டியிலும் ஆடிய அணிதான். அப்போது அது கியூபெக்கின் லவாலில் இருந்தது, 1998இல் பாதர்ஸ்டுக்கு இடம்பெயர்ந்தது. தேசியக் கோப்பையை வென்று ஏழே வருடத்தில், 2025இல், பாதர்ஸ்டையும் விட்டு நியூஃபவுண்ட்லாந்தின் செயின்ட் ஜான்ஸுக்குப் போய்விட்டது. 2018இல் ஆடிய நான்காவது அணியான ஹாமில்டன் புல்டாக்ஸ், ஹாமில்டன் அரங்கின் புதுப்பிப்பு வேலை காரணமாக 2023இல் பிராண்ட்ஃபர்டுக்குப் போனது.

இன்னும் மனதை உறுத்துவது ‘ஐஸ்’ என்ற பெயர் கொண்ட அணியின் கதை. 1996இல் எட்மண்டனில் பிறந்து, இரண்டே வருடத்தில் பிரிட்டிஷ் கொலம்பியாவின் கிரான்புரூக்குக்கு வந்து கூட்டனே ஐஸ் ஆனது. சுமார் 20,000 பேர் வாழும் அந்த மலையூர், 2002இல் மெமோரியல் கோப்பையே வென்றது. பிறகு கூட்டம் குறைந்தது, 2019இல் அணி வினிபெக்குக்குப் போனது. அங்கே பல்கலைக்கழகத்தின் சின்ன அரங்கில் ஆடியபடி புது அரங்கத்துக்காகக் காத்திருந்தது. அரங்கம் எழும்பவே இல்லை. 2023இல் லீக் இறுதி வரை போய்த் தோற்ற கையோடு, விற்கப்பட்டு அமெரிக்காவின் வெனாட்சிக்குப் போய்விட்டது. முப்பது வருடம் ஆவதற்குள் நான்கு ஊர். அதில் ஆடிய பையன் பின்னாளில் தன் குழந்தைக்கு ‘இதுதான் எங்கள் அரங்கம்’ என்று எதைக் காட்டுவான்?

ஸ்விஃப்ட் கரண்டில் காட்ட முடியும். அந்தப் பழைய அரங்கைப் புதுப்பித்து, இப்போது சுமார் 3,000 பேர் உட்காரலாம். ஊரில் ஐந்தில் ஒருவர் வந்தால் நிரம்பிவிடும். விபத்து நடந்த இடத்துக்கு அருகே, முப்பதாம் ஆண்டில், 2016 டிசம்பர் 30 அன்று நினைவுச் சின்னம் ஒன்றும் வைத்தார்கள். அந்த நெடுஞ்சாலையில் மேற்கே போகும்போது நான் வண்டியை நிறுத்தி இறங்கியிருக்கிறேன். லாரிகள் நிற்காமல் போய்க்கொண்டிருந்தன. நான்கு பெயரையும் வாய்விட்டுப் படித்துவிட்டுத்தான் கிளம்பினேன்.

டொரொன்டோவிலும் கால்கரியிலும் எட்மண்டனிலும் நம் தமிழ்க் குடும்பங்கள் இப்போது பிள்ளைகளை ஹாக்கியில் சேர்க்கின்றன. ரொம்பச் சந்தோஷம். அவர்களிடம் ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். ஸ்கேட் எந்தக் கம்பெனி, மட்டை எத்தனை டாலர் என்று விசாரிக்கும்போதே, பயிற்சியாளர் கென்னடி தொடங்கிய அந்தப் பாடத்தை முடித்திருக்கிறாரா, உடைமாற்றும் அறையில் எப்போதும் இரண்டு பெரியவர்கள் இருக்க வேண்டும் என்ற விதி நடைமுறையில் இருக்கிறதா என்றும் கேளுங்கள். கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்வார்களோ என்று தயங்காதீர்கள். நல்ல பயிற்சியாளர் யாரும் இந்தக் கேள்விக்குக் கோபப்படமாட்டார்.